இன்க்ஜெட் கார்ட்ரிட்ஜில் மை நிரப்புதல்: மையோடு காற்றையும் கவனிக்க வேண்டும்

இன்க்ஜெட் கார்ட்ரிட்ஜை வீட்டிலேயே நிரப்பிப் பார்த்து, இரண்டு பக்கம் அச்சடித்ததும் கோடுகோடாக வருகிறதென்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் மையைத்தான் குறை சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக என் பிரிண்டருக்கும் தெரிந்தவர்களின் பிரிண்டர்களுக்கும் நிரப்பிவந்ததில் நான் கண்டது வேறு. மையின் தரத்தால் கெட்டவற்றைவிட, உள்ளே காற்றுக் குமிழி சிக்கியதாலோ, காற்று வந்துபோகும் வழி அடைபட்டதாலோ, திறந்திருக்கக் கூடாத வழி திறந்திருந்ததாலோ கெட்ட கார்ட்ரிட்ஜ்களே அதிகம். ஆகவே எங்கே ஊசியைக் குத்துவது என்பதோடு, காற்று எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

முதலில் உங்கள் கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். எச்.பி., கேனன் நிறுவனங்களின் சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் கருப்புக்கு ஒன்றும் மூன்று வண்ணங்களுக்குச் சேர்த்து ஒன்றுமாக இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் இருக்கும். அவற்றின் அடியில் செப்பு நிறப் பட்டையும், மை தெறிக்கும் நுண்துளைகள் கொண்ட நாசில் தகடும் தெரிந்தால், அச்சிடும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது என்று பொருள். உள்ளே பெரும்பாலும் முழுக்கப் பஞ்சுதான். இரண்டாவது வகையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தொட்டி உண்டு. பாதி பஞ்சு, பாதி வெறும் மை. அதில் ஹெட் பிரிண்டரோடு இருக்கும். எப்சன், பிரதர் பிரிண்டர்களிலும் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்ததே. ஒரு வகைக்குச் செய்ய வேண்டியது இன்னொரு வகையைக் கெடுத்துவிடும் என்பதால் இந்த வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளாமல் ஊசியை எடுக்க வேண்டாம்.

மை வாங்கும்போது பார்க்க வேண்டியது டை மையா, பிக்மென்ட் மையா என்பதே. டை மையில் நிறப்பொருள் முழுதாகக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். பல பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும் மற்ற நிறங்கள் டையாகவும் இருக்கின்றன. டை மைக்கென அமைந்த கார்ட்ரிட்ஜில் பிக்மென்ட் மையை ஊற்றினால், தலைமுடியைவிட மெல்லிய நாசில் துளைகள் அடைபட்டுப்போகும். எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் புட்டியைவிட, உங்கள் கார்ட்ரிட்ஜ் எண்ணைக் குறிப்பிட்டிருக்கும் புட்டியையே நம்புங்கள். பிக்மென்ட் மை அடியில் படியும் இயல்புடையது. எடுக்கும் முன் புட்டியை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரை எழும், அந்த நுரை அப்படியே சிரிஞ்சுக்குள் வந்து குமிழியாகும்.

நிரப்ப வேண்டிய நேரம், முழுக்கத் தீர்ந்த பின் அல்ல. அச்சு வெளிறத் தொடங்கிய அன்றே நிரப்பிவிட வேண்டும். எச்.பி., கேனன் ஹெட்கள் வெப்பத்தால் இயங்குபவை. நாசிலுக்குப் பின்னாலுள்ள சிறு சூடேற்றி, நொடியின் மிகச் சிறு கூறில் மையைச் சுமார் 300 டிகிரிக்குக் கொண்டுபோய், எழும் நீராவிக் குமிழியால் ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவதும் மைதான். மை இல்லாமல் அச்சடித்துக்கொண்டே இருந்தால் சூடேற்றிகள் கருகும், கருகியது பிறகு எந்த மை ஊற்றினாலும் மீளாது. அதோடு, வறண்ட பஞ்சில் காற்று ஆங்காங்கே குடிபுகுந்துவிடும். மேலே ஊற்றும் மை அந்தக் காற்றுத் திட்டுகளைத் தாண்டி நாசிலுக்கு இறங்காது.

கருவிகள் அதிகம் வேண்டாம். நிறத்துக்கு ஒன்றாகச் சிரிஞ்ச், நுனி மழுங்கிய நீண்ட ஊசி, நூல் பிரியாத டிஷ்யூ, காய்ச்சி வடித்த நீர், கையுறை, விரிக்கப் பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். இவற்றோடு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் பாதி ஊகம் குறைந்துவிடும். புது கார்ட்ரிட்ஜை வாங்கியதும் எடை போட்டு அதன் மேலேயே எழுதிவையுங்கள். ஒரு மில்லி மை ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் என்பதால், இப்போதைய எடைக்கும் அன்றைய எடைக்கும் உள்ள வேறுபாடே எவ்வளவு மை ஊற்றலாம் என்று சொல்லிவிடும். நான் எப்போதும் ஒரு கிராம் குறைவாகவே நிறுத்திக்கொள்கிறேன். நிறைய ஊற்றினால் நிறையப் பக்கம் வரும் என்ற ஆசையால்தான் கசிவுகள் நேர்கின்றன.

ஹெட் சேர்ந்த பஞ்சு வகையை இப்படி நிரப்ப வேண்டும். நீர் தொட்ட டிஷ்யூவை நான்காக மடித்து, நாசில் அதன்மேல் படும்படி கார்ட்ரிட்ஜை நிறுத்துங்கள். மேலுள்ள லேபிளை ஒரு மூலையிலிருந்து உரித்தால் பெரும்பாலானவற்றில் சிறு துளைகள் தெரியும். மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளை எந்த நிறத்துக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு துளைக்கும் புதிய பல்குத்தும் குச்சி ஒன்றைச் செருகி, நுனியில் ஒட்டும் நிறத்தைப் பாருங்கள். சியானும் (நீலம்) மெஜந்தாவும் (கருஞ்சிவப்பு) கருமையாகத் தோன்றி ஏமாற்றும், வெள்ளை டிஷ்யூவில் தேய்த்தால் வேறுபாடு தெரியும்.

சிரிஞ்சில் மையை எடுத்ததும் ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, ஒரு துளி வெளியே வரும்வரை தள்ளிக் காற்றை நீக்குங்கள். பிறகு ஊசியைப் பஞ்சின் அடிப்பகுதிவரை நேராக இறக்குங்கள். ஆனால் தட்டுப்படும் இடத்தில் அழுத்த வேண்டாம்; நாசிலுக்கு மேலே மெல்லிய உலோக வலை இருக்கிறது, அது கிழிந்தால் கார்ட்ரிட்ஜ் போயிற்று. இனிமேல் அவசரமே கூடாது. ஒரு மில்லிக்கு அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மெல்ல ஏறும் மை பஞ்சிலுள்ள காற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். வேகமாகப் பீய்ச்சினால் மை ஒரு பக்கமாகப் பாய்ந்து காற்றைச் சுற்றி வளைத்து உள்ளேயே அடைத்துவிடும். துளையின் விளிம்பில் பளபளப்பாக மை தெரிந்தவுடன் நிறுத்தி, அரை மில்லியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஊசியை வெளியே எடுங்கள்.

ஒரு முறை நான் மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் சியான் அறையை விளிம்புவரை நிரப்பினேன். மறுநாள் மஞ்சள் பட்டை இளம்பச்சையாக அச்சாயிற்று. நிரம்பி வழிந்த சியான் லேபிளுக்கு அடியில் நழுவி மஞ்சள் துளைக்குள் இறங்கியிருந்தது. முழு மஞ்சள் பக்கங்களாக ஆறேழு அச்சடித்த பிறகே நிறம் தெளிந்தது. அன்றிலிருந்து ஓர் அறையை நிரப்பியதும் மேற்பரப்பைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

நிரப்பியதும் துளைகளை இறுக்கமாக அடைக்காதீர்கள். மை குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும்; வழியில்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மை நிறைய இருந்தும் சில பக்கங்களிலேயே அச்சு நின்றுவிடும். பழைய லேபிளையே திரும்ப ஒட்டுங்கள். அதன் அடியில் காற்றுக்கான மெல்லிய பள்ளங்கள் இருக்கும். டேப் ஒட்டுவதானால் அந்தப் பள்ளங்களை முழுதாக மூடாமல் ஒட்ட வேண்டும்.

பாதிப் பஞ்சுத் தொட்டிக்கு இதற்கு நேர்மாறான விதி. அதில் காற்று வரும் வழி பஞ்சுப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மை நிற்கும் அறை காற்றுப் புகாமல் மூடியிருந்தால்தான், தேவைப்படும் அளவு மட்டும் பஞ்சுக்குள் இறங்கும். ஆகவே கீழுள்ள வாயை மூடிவைத்து, மை அறையின் மேல்துளை வழியே நிரப்பி, அந்தத் துளையைச் சிலிக்கான் அடைப்பான் கொண்டு இறுக அடைத்த பிறகே கீழ்வாயைத் திறக்க வேண்டும். திறந்ததும் ஓரிரு துளி விழலாம், விழுந்துகொண்டே இருந்தால் அடைப்பு காற்றுப் புகாததாக இல்லை.

எப்சன், பிரதர் ஹெட்கள் வெப்பத்தால் அல்ல, மின்சாரம் பட்டதும் வளையும் நுண்படிகத்தால் துளியைத் தள்ளுகின்றன. அவை கருகுவதில்லை, ஆனால் காற்றைச் சிறிதும் பொறுப்பதில்லை. படிகம் தரும் அந்த மிகச்சிறு அழுத்தத்தைக் குமிழி சுருங்கி வாங்கிக்கொள்ளும்; துளி வெளியே போகாது. இந்தப் பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜைக் கழற்றிய இடத்தை நீண்ட நேரம் வெறுமையாக விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் துளையிட்டு நிரப்புவதைவிட, நிரப்புவதற்கென்றே வரும், மைக் கணக்கை வைத்திருந்து தானாக ரீசெட் ஆகும் சிப் உள்ள காலிக் கார்ட்ரிட்ஜ் தொகுதியை வாங்குவது நல்லது.

சிப் பற்றிய கவலை பலருக்கு உண்டு. சிப் மையைப் பார்ப்பதில்லை, எத்தனை துளி தெறித்தது என்று எண்ணிக் கழிக்கிறது. எனவே நிரப்பிய பின்னும் மை இல்லை என்று காட்டுவது இயல்பே. கேனன் பிரிண்டர்கள் பலவற்றில் நிறுத்தும் பொத்தானை ஐந்து நொடிக்குமேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கை விலகும், எச்.பி.யில் பயன்படுத்தப்பட்ட கார்ட்ரிட்ஜ் என்ற செய்தி வரும்போது சரி என்று அழுத்தினால் போதும். 2016 செப்டம்பரில் எச்.பி. பிரிண்டர்கள் சில பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தது பெரும் சர்ச்சையாயிற்று. அந்தத் தடை சிப்பைப் பொறுத்தது. அசல் சிப்புடன் உள்ள கார்ட்ரிட்ஜை நிரப்பிப் பயன்படுத்துவது அதில் சிக்குவதில்லை.

ஹெட் சேர்ந்த கார்ட்ரிட்ஜைப் பிரிண்டரில் பொருத்துமுன், வெதுவெதுப்பான நீர் தொட்ட டிஷ்யூவின் மேல் நாசில் தகட்டை மூன்று நொடி ஒற்றி எடுங்கள். மூன்று நிறங்களும் தனித்தனிப் பட்டைகளாகத் தெளிவாகப் பதிந்தால் மை இறங்கிவிட்டது. ஒரு பட்டை மங்கலாகவோ பாதியாகவோ இருந்தால், தட்டையான தட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, நாசில் மட்டும் நனையும்படி ஐந்து நிமிடம் வைத்து, மீண்டும் ஒற்றிப் பாருங்கள். செப்புத் தொடுமுனைகளில் மை பட்டிருந்தால் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் அப்படியே நிறுத்திவையுங்கள். சொட்டினால் மை கூடுதல், சிரிஞ்சால் சிறிது உறிஞ்சி எடுத்துவிடலாம்.

ஹெட் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் மை வீணாவதோடு, அந்த மை பிரிண்டரின் அடியிலுள்ள கழிவு மைப் பஞ்சில் சேர்கிறது. அது நிரம்பிவிட்டதென்று பிரிண்டர் கணக்கிட்டால் வேலை செய்ய மறுக்கும். இரண்டு முறை ஓட்டியும் சரியாகாவிட்டால் ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் நாசில் சோதனைப் பக்கத்தை அச்சடியுங்கள். பல சமயம் பஞ்சிலிருந்த குமிழி தானே மேலேறியிருக்கும். வாரம் ஒருமுறை எல்லா நிறங்களும் உள்ள ஒரு பக்கமாவது அச்சடித்துவந்தால் நாசில் உலராது.

நிறம் அசலுக்கு அச்சொட்டாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகளின் பாடக் குறிப்புக்கும் படிவங்களுக்கும் தாராளமாகப் போதும். பல ஆண்டுகள் மங்காமல் இருக்க வேண்டிய புகைப்படத்துக்கு நான் இந்த மையைப் பயன்படுத்துவதில்லை. ஹெட் சேர்ந்த கார்ட்ரிட்ஜ் என் கையில் நான்கைந்து நிரப்புதல்கள் தாங்குகிறது. நாசில் சோதனைப் பக்கத்தில் விடுபடும் கோடுகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் அது காற்று, பொறுத்திருந்தால் சரியாகும். சுத்தம் செய்த பின்னும் அதே இடத்தில் அதே கோடு விடுபட்டுக்கொண்டே இருந்தால் அங்குள்ள சூடேற்றி பெரும்பாலும் கருகியிருக்கும். அப்போது மையை மேலும் வீணாக்காமல் புது கார்ட்ரிட்ஜ் வாங்கி, முதல் வேலையாக அதை எடை போட்டு எழுதிவையுங்கள்.