மொட்டைமாடியில் சாப்பிட மாமாவையும் அழைத்துப் போகிறீர்களா?

இலங்கை மலைநாட்டில் எல்ல, நுவரெலியா, கண்டி என்று எங்கே போனாலும் மொட்டைமாடி உணவகம் ஒன்றைப் பிள்ளைகள் முன்கூட்டியே தேடி வைத்திருப்பார்கள். நீங்கள் மட்டும் போனால் யோசிக்க ஒன்றுமில்லை. பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாமாவையும் சின்னம்மாவையும் அழைத்துப் போவதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

இந்த உணவகங்கள் பலவற்றில் ஆளுக்கொரு கோப்பைச் சோறு வராது. டிம் சம் (ஆவியில் வேகவைத்த சிறு கொழுக்கட்டை), பாவ் (ஆவியில் வேகவைத்த பன்), சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), பப்பாசிச் சலாது என்று சின்னச் சின்னத் தட்டுகள் நடுவில் வரும். எல்லோரும் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். நால்வருக்கு ஆறு தட்டில் தொடங்கலாம். மெனுவை மட்டும் மாமாவின் கையில் கொடுக்காதீர்கள். ஒரு தட்டின் விலை கொழுந்து பறிப்பவரின் ஒரு நாள் சம்பளத்தை எட்டக்கூடும். அதைப் பார்த்தபின் அவருக்குப் பசி இருக்காது. நூடுல்ஸோ ஃப்ரைட் ரைஸோ ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். மற்றதெல்லாம் பெரியவர்களின் கணக்கில் பலகாரம்.

"மரக்கறிதான்" என்று பணியாளர் சொன்னதை நம்பி, ஒரு வெள்ளிக்கிழமை சின்னம்மாவுக்குப் பப்பாசிச் சலாது எடுத்து வைத்தேன். இரண்டாவது வாயிலேயே கூனி இறால் (காய்ந்த சின்ன இறால்) பல்லில் பட்டது. தாய்லாந்து முறைச் சலாதில் கூனியும் மீன் சோஸும் வழமையாகச் சேர்ப்பவை. பணியாளர் பொய் சொல்லவில்லை. இறைச்சி இல்லாவிட்டால் அவருக்கு அது மரக்கறி. சின்னம்மா அன்று தேநீரோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே மீன் சோஸ், ஒயிஸ்டர் சோஸ், கூனி, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவர் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் குசினிக்குள் போய் விசாரித்து வந்தே பதில் சொல்வார்.

மெனுவில் வரி சேர்க்காத விலை போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் மேலே ஏறும். பத்தாயிரத்துக்குச் சாப்பிட்டால் பில் பதின்மூவாயிரத்தைத் தொடும். போயா (பௌர்ணமி) நாளில் மது விற்க மாட்டார்கள்.

மலைகள் தெரிய வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே போய் உட்காருங்கள். ஆறரைக்கு இருட்டிவிடும், மூடுபனி அதற்கும் காத்திருக்காது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காற்று படும் ஓர மேசையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுச் சின்னம்மாவைச் சுவர்ப்பக்கம் உட்கார வையுங்கள்.

திரும்பும் ஆட்டோவுக்கு ஏறுமுன்பே கட்டணம் பேச வேண்டும். அந்த வேலையை மாமாவிடம் விட்டுவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.