பழைய 78 தட்டு வாங்குகிறீர்களா? லேபிளோடு நின்றுவிடாதீர்கள்

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் ஏமாறுவது ஹெச்எம்வி என்ற தட்டுக் கம்பெனியின் நாயிடம்தான். லேபிளில் நாய் இருக்கிறது, நூறு வருஷப் பழசு என்று விலை சொல்வார்கள், ஆனால் அந்த நாய் 1960கள் வரை நம் ஊர்த் தட்டுகளில் உட்கார்ந்திருந்தது, சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதற்கும் முந்தைய லேபிளில் இறகால் எழுதும் தேவதை இருக்கும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளெல்லாம் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாகி வந்தவை, ஒரு பக்கம் மட்டும் பாட்டு உள்ளவை. லேபிளில் டம் டம் என்று, அதாவது கல்கத்தா பக்கத்தில் தட்டு அச்சடித்த தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர், போட்டிருந்தால் அது 1920களின் கடைசிக்கு முன்னால் வந்திருக்க முடியாது.

அப்புறம், கண்ணில் பட்ட வருஷத்தையெல்லாம் பதிவான வருஷம் என்று நினைப்பது. அமெரிக்க விக்டர் லேபிள்களில் இருக்கும் பழைய தேதிகள் காப்புரிமைத் தேதிகள், பாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஹெச்எம்வியில் என், கொலம்பியாவில் ஜிஇ என்று தொடங்கும் எண்ணோ வெறும் விற்பனை எண், இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே.

நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெற்று இடத்தை. அங்கே தட்டிலேயே பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பதிவுக்கே கொடுத்த எண், பக்கத்துக்குப் பக்கம் வேறு, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் பதிவாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. நன்றாக விற்ற தட்டைப் பல வருஷம் கழித்தும் புது லேபிள் ஒட்டி அச்சடித்தார்கள், லேபிள் மாறினாலும் அதே பதிவாக இருந்தால் இந்த எண் மாறாது. ஹெச்எம்வி தட்டில் அந்த எண்ணுக்குப் பின்னால் சின்ன முக்கோணம் இருந்தால் அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் மைக் முறையில் பதிந்தது, அதாவது மைக் இல்லாமல் புனலுக்குள் பாடிப் பதிந்த, 1925க்கு முந்தைய புனல் பதிவு அல்ல. சதுரம் இருந்தால் 1931 வாக்கில் வந்த கம்பெனியின் சொந்த முறை. டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பழசுதான் விலை போகும் என்பதும் சரியில்லை. 1960களின் நடுவில் இந்தியாவில் வந்த பீட்டில்ஸ் 78 தட்டுகளை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள், அதைவிட எத்தனையோ வருஷம் மூத்த தட்டுகள் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன.

வாங்கியதும் செய்யும் தவறுதான் மனதை வருத்துவது. அழுக்கெடுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், போன குரல் திரும்ப வராது. லேபிள் நனையாமல் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். பிற்காலத்து எல்பி (லாங் பிளே) தட்டுக்கான ஊசியிலும் ஓட்டாதீர்கள், 78இன் அகலமான பள்ளத்துக்குச் சுமார் மூன்று மடங்கு தடித்த முனையுள்ள ஊசி வேண்டும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் பெட்டியில் போடுவதென்றால் பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி, அதில் கஞ்சத்தனம் கூடாது.