அண்ணையின் போனுக்கு விளங்குகிற இணையத்தளம்

கிளிநொச்சியில் விதைநெல் விற்கிற ஒருவருக்கு நான் செய்துகொடுத்த இணையத்தளத்தில் முதல் பிழை பிடித்தவர் எங்கள் ஒழுங்கை அண்ணை. 2009இல் இரண்டு கண்ணும் போனவர், ஆனால் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கிற திரைவாசிப்பான் போட்டு என்னைவிட வேகமாகப் போன் பாவிப்பார். "தம்பி, விலையைக் கேட்டா இது இங்கிலீசு எழுத்தெல்லோ சொல்லுது?" என்றார்.

பிழை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். கடைக்காரர் தந்த விலைப்பட்டியல் பாமினியில் அடித்தது. நானும் அப்படியே ஒட்டி, எழுத்துருவையும் இணைத்துவிட்டேன். பாமினி வெறும் சட்டைதான். 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. போன் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே உள்ளே வைக்கிற முறைக்கு மாற்றுவது. இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அப்புறம் பக்கத்தை எழுதுகிற எச்டிஎம்எல் குறிகளின் தொடக்கத்தில் மொழிக் குறியை 'டிஏ' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்க்கும்.

அடுத்தது எங்கள் ஊர் வியாதி: எதையும் போஸ்டராக அடித்துப் படமாகப் போடுவது. சிறுபோகக் கூட்ட அறிவித்தலும் படம், விலையும் படம். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அதே கதைதான். போஸ்டர் இருக்கட்டும், செய்தியை எழுத்திலும் போடுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கிற மாற்று உரையில் 'படம் 1' என்று எழுதாமல் 'ஆட்டக்காரி விதைநெல் மூட்டை' என்று எழுதுங்கள். அழகுக்கு வைத்த படமென்றால் மாற்று உரையை வெறுமையாக விடுங்கள். மாற்று உரைக்கான குறியையே போடாமல் விட்டால் கோப்பின் பெயரை வாசித்து உயிரை வாங்கும்.

இனி மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கம் முழுக்கப் போய்வாருங்கள். கை இழந்தவர்கள் பலர் அப்படித்தான் போகிறார்கள். எங்கே நிற்கிறோம் என்று சுற்றிக் காட்டுகிற கோட்டினை, வடிவில்லை என்று நானே முன்பு அழித்திருக்கிறேன். அழிக்காதீர்கள். படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வேண்டும். பெட்டிக்குள் மங்கலாக எழுதுவது போதாது, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்கட்டும். வெயிலில் வயல் வரம்பில் நின்று பார்ப்பவருக்கும் அது உதவும். வீடியோவில் பேசுவதைக் காட்டுகிற எழுத்து வரி போடுங்கள்.

சோதிக்க ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. போடும் முன் நிறுத்துவதற்கு வழி பார்த்து வையுங்கள். ஒரு தட்டுக்குத் தெரிவு, இரு தட்டுக்குத் திறப்பு என்று தெரியாமல் நான் அரைமணி நேரம் மாட்டுப்பட்டேன். விண்டோஸ் கணனிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். அதன் தமிழ்க் குரல் இயந்திரக் குரல்தான், பழகிவிடும்.

எல்லாம் திருத்தியபின் அண்ணை தானே இரண்டு மூட்டை பதிந்தார். பதிவானது என்ற செய்தி பச்சையில் தோன்றி மறைந்தது, போன் வாய் திறக்கவில்லை. போகவில்லை என்று நினைத்து மறுபடியும் இரண்டு பதிந்திருக்கிறார். நாலு மூட்டை வாசலில் இறங்கிய அன்று இரவுதான், இடையில் வருகிற செய்தியையும் வாய்விட்டுச் சொல்லவைக்கிற ஏரியா-லைவ் குறியை அந்தப் பெட்டிக்குப் போட்டேன்.