ரீகாலில் ஒரு கோப்புறைக்குள் மட்டும் தேடுவது எப்படி?

கோப்பின் பெயர் மறந்துபோய், உள்ளே இருந்த ஒரு சொல் மட்டும் ஞாபகமிருந்தால் நான் திறப்பது ரீகால் என்ற தேடல் மென்பொருளைத்தான். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பெயர் தெரிந்த கோப்புக்குக் கோப்பு மேலாளரே போதும். உள்ளடக்கத்தைத் தேட இதைவிட எனக்குப் பிடித்த கருவி இல்லை. என்ன, 'ஒப்பந்தம்' என்று தேடினால் வருடக்கணக்கில் சேர்த்தது எல்லாம் வந்து கொட்டும். அதனால் எந்தக் கோப்புறை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ரீகாலை நிறுவி, அட்டவணையும் (கோப்புகளில் உள்ள சொற்களை ரீகால் தொகுத்து வைக்கும் பட்டியல்) போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேடல் பெட்டிக்குப் பக்கத்துப் பட்டியலில் 'கொயரி லாங்குவேஜ்' தேர்வாகியிருக்கட்டும்.

தேடும் சொல்லை அடித்து ஓர் இடைவெளி விடுங்கள். அப்புறம் டி, ஐ, ஆர் என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள், முக்காற்புள்ளி, கோப்புறைப் பெயர். இந்த மூன்றும் ஒட்டியே இருக்க வேண்டும். அந்த மூன்று எழுத்தை இங்கே 'டிர்' என்று எழுதுகிறேன்:

ஒப்பந்தம் டிர்:வேலை/2023

தொடக்கத்தில் சாய்கோடு இல்லாததால் 'வேலை' எங்கே இருந்தாலும் அதற்குள் இருக்கும் '2023' பொருந்தும். சாய்கோட்டில் தொடங்கினால் அது முழுப் பாதை. உள்கோப்புறைகள் தாமாகவே சேரும். பெயரில் இடைவெளி இருந்தால் டிர்:"பழைய கடிதங்கள்" என்று இரட்டை மேற்கோள். வேண்டாததை விலக்க முன்னால் கழித்தல் குறி: -டிர்:வரைவு.

சரி, இனி சிக்கலான இடம். இரண்டு கோப்புறைகளில் தேட நினைத்து 'டிர்:வேலை டிர்:வீடு' என்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஒரே பாதையில் வேலையும் வீடும் இருக்கும் கோப்பை மட்டுமே ரீகால் தேடும். ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும் என்றால் நடுவில் ஓ, ஆர் இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள்:

ஒப்பந்தம் டிர்:வேலை ஓஆர் டிர்:வீடு

அடைப்புக்குறி வேண்டாம், ஓஆர் தன் இருபக்கத்தையும் முதலில் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டு டிர் போடுவதில் ஒரு நன்மையும் உண்டு. பாதையின் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது பலர் எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறிகளை (*) அடுக்குகிறார்கள். குறி ஏற ஏறத் தேடல் பெருத்து, கோப்புகள் அதிகமிருந்தால் தோற்றே போகும். மேல்கோப்புறைக்கு ஒன்று, உள்கோப்புறைக்கு ஒன்று என டிர் போட்டால் வேலை முடிந்தது.

லினக்ஸில் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. தமிழ்ப் பெயர்களில் இன்னொன்று: 'கொ'வின் உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் பொருந்தாது. தட்டச்சு செய்யாமல் கோப்பு மேலாளரிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

பிற்சேர்க்கை: கோப்புறை கண்ணெதிரே இருந்தும் முடிவே வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது குறியிணைப்பா, அதாவது வேறிடத்தில் இருக்கும் கோப்புறையைச் சுட்டும் வெறும் இணைப்பா என்று பாருங்கள். ரீகால் இயல்பாக அதைப் பின்தொடராது. அசல் கோப்புறையை அட்டவணை அமைப்பில், எந்தக் கோப்புறைகளை அட்டவணையில் சேர்ப்பது என்று சொல்லும் 'டாப்டிர்ஸ்' பட்டியலில் சேர்த்து, மறுபடி அட்டவணை போடுங்கள்.