சி.பி.கே. இறங்கினால் டெட்டனஸும் இறங்கிவிட்டதா?

ரணஜன்னி என்று பெரியவர்கள் சொல்லும் டெட்டனஸை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. வாய் பூட்டிக்கொள்வது, கழுத்து விறைப்பது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளைவது என நோயாளியைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். இருந்தாலும் ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் சி.பி.கே. என்ற தசை நொதி ஆயிரக்கணக்கில் நிற்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த எண்ணை உடம்பில் உள்ள நஞ்சின் அளவாகப் படிப்பது முதல் தவறு. நஞ்சு முக்கியமாக வேலை செய்வது நரம்பில். தசையை அடக்கிவைக்கும் செய்திகளை அது நிறுத்திவிடுகிறது. அடக்க ஆளில்லாத தசை இழுத்து இழுத்துச் சிதைய, அதற்குள் இருந்த சி.பி.கே. ரத்தத்தில் கசிகிறது. ஆக, அது தசை பட்ட அடியின் கணக்கு. தசையில் போட்ட ஊசியே அதைக் கொஞ்சம் ஏற்றிவிடும். டெட்டனஸ் நோயாளிக்கோ வந்தவுடனே ஊசிதான்.

கூடவே, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியும் ஏறியிருக்கும். உடனே கல்லீரலைச் சந்தேகித்துக் கீழாநெல்லி தேட வேண்டாம்; அந்த நொதி தசையிலும் உண்டு. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதி தசையிலிருந்து வருவதில்லை. அது சரியாக இருந்தால் பெரும்பாலும் தசைதான் காரணம்.

எனக்கு மிகவும் பயமூட்டுவது இறங்கும் எண்தான். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து வென்டிலேட்டரில் வைத்தால் இழுப்பு நிற்கும், சி.பி.கே. சரியும். வெளியே நிற்கும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் நரம்பில் ஒட்டிய நஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. அது தணிய வாரக்கணக்கில் ஆகும். ரத்த அழுத்தம் திடீரென எகிறி, திடீரென விழும் ஆபத்து பல நேரம் இரண்டாவது வாரத்தில்தான் வருகிறது. சி.பி.கே. அதை முன்கூட்டிச் சொல்லாது.

1967-இல் வந்த அப்லெட் தரவரிசை நோயின் தீவிரத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. அதில் ஒரு நொதிகூட இல்லை. வாய்ப்பூட்டு, விறைப்பு, இழுப்பு, மூச்சு, விழுங்கும் திறன், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், அவ்வளவுதான். காயம்பட்டு 7 நாளுக்குள் அறிகுறி வந்ததா, முதல் அறிகுறியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் முதல் இழுப்பு வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் ‘ஆம்’ என்றால் நிலைமை மோசம்.

அதற்காக சி.பி.கே.யை ஒதுக்கிவிடுவதும் தவறுதான். 5000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து; சிதைந்த தசையின் மயோகுளோபின் என்ற புரதம் அங்கே போய் அடைக்கும். அப்போது ரிப்போர்ட்டோடு, கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேரும் பையையும் பாருங்கள். கட்டன்சாயா நிறத்தில் இறங்கினால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.