பிக் பேண்டில் போசா நோவா: முதலில் ஸ்விங்கை நிறுத்துங்கள்

1962லேயே அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் குவின்சி ஜோன்ஸும் ஸ்டான் கெட்ஸும் பிக் பேண்டோடு (பெரிய ஜாஸ் குழு) பிரேசிலின் போசா நோவா இசையில் ஆல்பம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் இன்றும் பல குழுக்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: பழக்கதோஷத்தில் எய்த் நோட்டுகளை (அரை பீட் சுரங்கள்) ஸ்விங்காக, அதாவது ஒன்று நீளம் ஒன்று குட்டையாக, வாசிப்பது. போசாவில் அவை சம அளவில் விழ வேண்டும். ஒத்திகையில் டிரம்மரோடு சேர்ந்து எல்லோரும் கைதட்டிப் பழகுங்கள். நான்கு பீட் கொண்ட இரண்டு பார்களை 16 எய்த் நோட்டுகளாக எண்ணி 1, 4, 7, 11, 14இல் ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டுவதே அடிப்படை. கடைசித் தட்டு 13இல் விழுந்தால் அது கியூபாவின் சோன் கிளேவ் என்ற தாளம். போசாவின் மிதப்பு போய்விடும்.

பாஸ், ஜாஸ் வழக்கப்படி பீட்டுக்கு ஒரு சுரமாக நடைபோடக் கூடாது. பாரின் முதல் பீட்டில் மூல சுரம், மூன்றாம் பீட்டில் ஐந்தாம் சுரம். மூன்றாம் பீட்டைச் சற்றே அழுத்துங்கள், சம்பாவில் சுர்டோ முரசு அழுத்தும் இடம் அது. கிதார் தாளம் பிடிக்கும்போது பியானோ ஒதுங்கட்டும்.

ட்ரம்பெட்டுக்குப் பதில் மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்ன், டிராம்போனுக்கு ஒலியைத் தணிக்கும் பக்கெட் மியூட், சாக்ஸ் வரிசையில் இருவருக்குப் புல்லாங்குழல். பிராஸ் (ட்ரம்பெட், டிராம்போன் வரிசை) உரக்க ஊதினால் நைலான் கிதார் காணாமல் போகும். முழு பேண்டின் முழக்கத்தை ஒரே ஒரு கோரஸுக்கு (பாட்டின் ஒரு முழுச் சுற்று) வைத்துக்கொள்ளுங்கள். டெம்போ ஏறிவிடும் ஆபத்தும் அங்கேதான்.