கார்பன் ஃபிரேம் ஆர்டர் செய்யுமுன்

சீனாவிலிருந்து கார்பன் ஃபிரேம் வரவழைத்து நீங்களே சைக்கிள் பூட்டப் போகிறீர்கள் என்றால், பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் கைகளை இணைக்கும் அச்சு சுழலும் பேரிங் தொகுதி) அழுத்திப் பொருத்தும் பிரெஸ்ஃபிட் வேண்டாம், மரையுள்ள பி.எஸ்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பிரெஸ்ஃபிட்டைப் பிடித்து வைத்திருப்பது ஃபிரேமின் துளை மட்டுமே. அது சற்றே வட்டம் தவறியிருந்தாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். விலை குறைந்த ஃபிரேமில் அந்தத் துல்லியத்தை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை. பி.எஸ்.ஏ.யில் மரை, கார்பனுக்குள் பதித்த உலோகக் குழாயில் இருக்கிறது. பேரிங்கைத் தாங்கும் கோப்பைக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று போதும், அழுத்தும் கருவிக்குத் தனிச் செலவில்லை. செயின் பக்கக் கோப்பையை மட்டும் இடஞ்சுழியாக முடுக்க வேண்டும். மறந்து வலஞ்சுழியாக முறுக்கினால் மரை போய்விடும், அதோடு ஃபிரேமும்.

24 மி.மீ. அச்சுள்ள ஷிமானோ கிராங்குகளுக்கு, அதாவது பெடல் கைகளுக்கு, பி.எஸ்.ஏ. கச்சிதம். 30 மி.மீ. அச்சு என்றால் பி.எஸ்.ஏ. கோப்பைக்குள் மெல்லிய பேரிங்தான் நுழையும். அதற்கு, இன்னும் அகலமான துளையில் வரும் டி47 என்ற மரை வகையே நல்லது. பிரெஸ்ஃபிட் ஃபிரேம் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டதா? இரண்டு கோப்பைகளும் நடுவில் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் பாட்டம் பிராக்கெட்டைத் தேடுங்கள்.